மூன்று கோடு, ஒரு வட்டம்

1881 கோலாலம்பூருக்குப் போதாத ஆண்டு. ஜனவரியில் பிடித்த தீ, பலகையும் அத்தாப்புமாக நின்ற ஊரைப் பொசுக்கியது. டிசம்பரில் வந்த வெள்ளம் மிச்சத்தை அடித்துக்கொண்டு போனது. மறு ஆண்டு சிலாங்கூர் ரெசிடென்டாக வந்த ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம், இனிக் கட்டுவதெல்லாம் செங்கல்லும் ஓடுமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். சூளைகள் புகைந்தன. சூளைகள் இருந்த இடம் பிரிக்பீல்ட்ஸ் ஆனது. கோலாலம்பூருக்கு எழுதத் தக்க சுவர் கிடைத்தது அப்போதுதான். அந்தச் சுவரில் பின்னாளில் வந்து ஏறப்போகிற ஒரு குறிக்கான சண்டை, அதே 1881-இல் லண்டனில் ஆரம்பித்திருந்தது.

அந்த ஜூலையில் லண்டனில் கூடியவர்கள், அரசன் வேண்டாம், முதலாளி வேண்டாம் என்பதோடு நிற்காமல் அரசாங்கம் என்ற ஒன்றே வேண்டாம் என்றவர்கள். பியர் ஜோசஃப் புரூதோன் என்ற அச்சுத் தொழிலாளி 1840-இல் தன் புத்தகத்தில், தான் ஓர் அனார்க்கிஸ்ட் என்று முதன்முதலாக அறிவித்துக்கொண்டார். மனிதர்கள் தங்களுக்குள் பேசி, உடன்பட்டு, ஒருவருக்கொருவர் கைகொடுத்து வாழ முடியும். தலைக்கு மேலே தடி தேவையில்லை என்பது அவர் வாதம். நாற்பது ஆண்டுகளில் அந்த எண்ணத்துக்கு ஐரோப்பா முழுக்க ஆள் சேர்ந்திருந்தது. ஆனால் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வது எப்படி? அந்த மார்ச் மாதம்தான் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் குண்டுவீச்சில் இறந்திருந்தார். அந்தச் சூடு ஆறுவதற்குள் கூடிய லண்டன் மாநாடு, வாயால் செய்யும் பிரச்சாரம் போதாது, செயலால் செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டது. வெடிமருந்துக்கு வேண்டிய வேதியியலைக் கற்றுக்கொள்ளவும் தோழர்களுக்குச் சொன்னது. அந்த ஒரு தீர்மானம் நூறு ஆண்டுகளுக்கு மேல் அவர்களை விடாமல் துரத்தியது.

அவர்களுக்கு முதலில் வாய்த்த அடையாளம் கொடி. 1883 மார்ச் 9 அன்று பாரிசில் வேலையற்றோர் ஊர்வலத்தின் முன்னால் லூயிஸ் மிஷெல் என்ற பள்ளி ஆசிரியை நடந்தார். துடைப்பக் கட்டையில் ஒரு கருப்புத் துணி. போகிற வழியில் ரொட்டிக் கடைகள் சூறையாடப்பட்டன. ஆசிரியைக்கு ஆறாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. கருப்பு அவர்கள் நிறமாகிவிட்டது. பசியும் துக்கமும் சொல்ல வந்த நிறம். ஆனால் ஒன்பதே ஆண்டுகளில் அந்தக் கருப்புக்கு வேறொரு அர்த்தம் ஏற்றப்பட்டது.

1892-இல் ரவஷோல் என்பவர் பாரிசில் நீதிபதி ஒருவரின் வீட்டுக்கும் அரசு வழக்கறிஞர் ஒருவரின் வீட்டுக்கும் குண்டு வைத்தார். 1893 டிசம்பரில் வையான் பாராளுமன்றத்துக்குள் ஆணி நிரப்பிய குண்டை வீசினார். 1894 பிப்ரவரியில் எமில் ஹென்றி, காபி குடித்துக்கொண்டிருந்த சாதாரண ஜனங்கள் நடுவே ஒன்றை எறிந்தார். அந்த ஜூனில் பிரெஞ்சு ஜனாதிபதி சாதி கார்னோ குத்திக் கொல்லப்பட்டார். பத்திரிகை ஓவியர்களுக்கு வேலை சுலபமானது: கருப்பு அங்கி, கலைந்த தாடி, கையில் திரி புகையும் உருண்டைக் குண்டு. ரஷ்யாவிலிருந்து வெளியேறியிருந்த பீட்டர் குரோபோட்கின், பல நூற்றாண்டு கட்டிய அமைப்பைச் சில கிலோ வெடிமருந்தால் தகர்க்க முடியாது என்று முன்பே எழுதிப் பார்த்திருந்தார். அவர் சொன்னது முழு உண்மை. குண்டுச் சத்தத்தில் அது ஒருவர் காதிலும் விழவில்லை. அதற்குள் இன்னொரு பக்கம் வீட்டுக்குள்ளேயே அடுத்த சண்டை மூண்டது.

அதே 1894 ஜூலையில், எமில் கிராவெல் என்ற ஓவியர் 'இயற்கை நிலை' என்று பொருள்படும் பெயரில் ஒரு சிற்றிதழைப் பாரிசில் தொடங்கினார். அரசாங்கம் மட்டும் போனால் போதாது, ஆலையும் புகைபோக்கியும் நகரமுமே போக வேண்டும், மனிதன் மண்ணோடும் மரத்தோடும் வாழ்ந்த நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர் கூட்டத்தின் கட்சி. மற்ற அனார்க்கிஸ்டுகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஏற்கெனவே குண்டுக்காரன் என்ற பெயர்; இனிக் காட்டுவாசி என்ற பெயரும் வேண்டுமா என்று கொதித்தார்கள். குரோபோட்கின் 1899-இல் புத்தகமாகக் கொண்டுவந்த 'வயல்கள், ஆலைகள், பட்டறைகள்' நேர் எதிர்த் திசையில் போனது. இயந்திரத்தைச் சின்னதாக்கி, மின்சாரத்தைக் கிராமத்துக்குக் கொண்டுபோய், வயலையும் பட்டறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உழைப்பு பாரமாக இருக்காது என்றது. இயந்திரம் கூட்டாளியா, எஜமானனா? இந்தக் கேள்வி கிழக்கே கப்பலேறியது. அதற்கு வழி திறந்துவிட்டது, பினாங்கில் பிறந்த ஒருவருக்கு வந்த கடிதம்.

கு ஹோங்மிங் பினாங்குத் தீவில் 1857-இல் பிறந்து, ஸ்காட்லாந்தில் படித்து, சீனாவில் அதிகாரியாக இருந்தவர். 1906-இல் டால்ஸ்டாய் அவருக்கு நீண்ட பதில் ஒன்று எழுதினார். மேற்கைப் பார்த்து ரயிலும் ஆலையும் படையும் பாராளுமன்றமுமாகப் போய்விடாதீர்கள்; உழவு வாழ்க்கையை விடாதீர்கள்; அநியாய அரசுக்குக் கீழ்ப்படியாமல் இருங்கள், அது போதும் என்பது அதன் சாரம். இரண்டு ஆண்டு கழித்து ஏறக்குறைய இதே மனத்தோடு ஓர் இந்தியருக்கும் அவர் எழுதினார். அது காந்தியின் கைக்கு வந்தது. 1909-இல் 'இந்திய சுயராஜ்யம்', 1910-இல் ஜோகானஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணை. அந்தப் பண்ணையில் குடியேறிய சத்தியாகிரகக் குடும்பங்களில் தமிழர் பலர். 1916 பிப்ரவரியில் காசியில் பேசியபோது காந்தி தம்மையும் ஒருவகை அனார்க்கிஸ்ட் என்றே சொல்லிக்கொண்டார், வேறு வகை என்ற திருத்தத்தோடு. சீனர் பக்கத்திலோ கதை இரண்டாகப் பிளந்தது.

தோக்கியோவில் லியூ ஷிபெய்யும் அவர் மனைவி ஹே ஷென்னும் 1907-இல் ஓர் இதழ் தொடங்கினார்கள். டால்ஸ்டாய் அங்கே ஆசான். ஆலைகள் ஏழையை, அதிலும் பெண்களை, நசுக்குகின்றன. மேற்கின் முன்னேற்றம் ஒரு பொறி என்று எழுதினார்கள். அதே 1907-இல் பாரிசில் இன்னொரு சீனக் கூட்டம் 'புதிய நூற்றாண்டு' என்ற இதழைக் கொண்டுவந்தது. இவர்களுக்குக் குரோபோட்கின் ஆசான். விஞ்ஞானமும் இயந்திரமும்தான் விடுதலை. ஒருவர் எழுதுவதை மற்றவர் மறுப்பதாகக் காகிதத்தில் நடந்த இந்தச் சண்டையில், பாரிஸ் அணியின் லீ ஷிசெங் யாரும் எதிர்பாராத ஒரு காரியம் செய்தார். பாரிசை ஒட்டிய புறநகரில் சுமார் 1909-இல் அவர் ஒரு தொழிற்சாலை திறந்தார். அதில் தயாரானது டோஃபு.

சோயா அவரையை ஊறவைத்து, அரைத்து, பாலெடுத்து, உறையவைக்கும் பழைய கைத்தொழில், நவீன இயந்திரங்களோடு பிரெஞ்சு மண்ணில் நடந்தது. ஊரிலிருந்து வரவழைத்த சீன இளைஞர்கள் பகலில் வேலை செய்தார்கள், மற்ற நேரத்தில் படித்தார்கள். குடியும் சூதும் அங்கே தடை. கையும் மூளையும் சேர்ந்து உழைக்கும் மனிதனை உண்டாக்கிவிடலாம் என்ற குரோபோட்கின் கனவை இவ்வளவு சுத்தமாகச் செய்து பார்த்தவர்கள் வேறு யாரும் இருப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் படித்துக்கொண்டே வேலை என்ற ஏற்பாடு பின்னால் பெரிதாகி, நூற்றுக்கணக்கான சீன மாணவர்களை பிரான்சுக்குக் கொண்டுவந்தது. அப்படி வந்தவர்களில் சோ என்லாய் ஒருவர், டெங் சியாவ்பிங் ஒருவர். அரசே வேண்டாம் என்றவர்கள் திறந்த வாசல் வழியாக, உலகின் மிகப் பெரிய அரசுகளில் ஒன்றை ஆளப்போகிறவர்கள் உள்ளே வந்தார்கள். தோக்கியோ அணி அதற்கு முன்பே கலைந்துபோயிருந்தது. லியூ ஷிபெய், தான் எதிர்த்த மஞ்சு அரசின் அதிகாரியிடமே வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். இரண்டு அணியின் பாடத்தையும் ஒருசேர உடம்பில் தாங்கியவர் கேண்டனில் இருந்தார். அவருக்கு ஒரு கைதான் இருந்தது.

அவர் பெயர் ஷிஃபூ. 1907-இல் கடற்படைத் தளபதி ஒருவரைக் கொல்லத் தயார்செய்த குண்டு, அவர் கையிலேயே வெடித்தது. இடது கை போயிற்று, சிறைவாசமும் வந்தது. வெளியே வந்தும் உடனே அந்த வழியை விடவில்லை; பிறகுதான் விட்டார். 1912-இல் நண்பர்களோடு சேர்ந்து ஒரு விரதப் பட்டியல் போட்டார்: இறைச்சி கிடையாது, மது கிடையாது, புகை கிடையாது, வேலையாள் கிடையாது, மனிதன் இழுக்கும் ரிக்‌ஷாவில் ஏறுவது கிடையாது, பதவி கிடையாது, குடும்பப் பெயர்கூடக் கிடையாது. லியூ ஷிஃபூ என்ற பெயரிலிருந்து லியூவை வெட்டிப் போட்டார். அச்சுப்பொறி ஒன்றை வைத்துக்கொண்டு இதழ் நடத்தினார். காசநோய் முற்றியபோதும் புலால் மறுத்த விரதத்தை அவர் விடவில்லை, 1915-இல் இறந்தார். குண்டை விட்டுப் புத்தகத்தைப் பிடித்த அவர் வழி வந்த ஆசிரியர்களும் பத்திரிகைக்காரர்களும் தென்கடல் நாடுகளுக்குக் கப்பலேறினார்கள். அப்படித்தான் அந்தச் சண்டை கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வந்தது.

1919-இல் கோலாலம்பூரில் 'யிக் குவான் போ' என்ற சீன நாளேடு பிறந்தது. அதன் ஆசிரியர் கோ துன் பான், அனார்க்கிஸ்ட். ஈயச் சுரங்கத்தின் பணம் ஓடிய ஊரில், உழைப்பவனுக்கு எஜமானன் எதற்கு என்று எழுதும் பேனா எவ்வளவு நாள் தாங்கும்? சில மாதங்கள். அந்த ஜூலையில் அவரைப் பிடித்தார்கள். பிறகு நாடு கடத்தினார்கள். சீனப் பள்ளிகளில் மிஞ்சியிருந்த ஆசிரியர்கள் சத்தமில்லாமல் பாடம் நடத்தினார்கள். பொறுமையாகப் படிப்பிக்க வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம், இனிப் பொறுமை செல்லாது என்பவர்கள் இன்னொரு பக்கம். ஆறாவது ஆண்டில் பொறுமை தோற்றது.

1925 ஜனவரி 23. கோலாலம்பூரில் சீனர் பாதுகாப்பு அலுவலகம், அதாவது சீனர்களின் குடியேற்றம், சங்கம், சச்சரவு அனைத்தையும் கண்காணித்த காலனி இலாகா. வாங் சாங் என்ற இளம்பெண் ஒரு கைப்பெட்டியோடு உள்ளே வந்தார். அக்காலத்துச் சீனப் பெண்ணுக்கு அபூர்வமான விதத்தில் கூந்தலைக் குட்டையாக வெட்டியிருந்தார். பாதுகாவலர் ரிச்சர்ட்ஸும் அவருடைய உதவியாளர் பிளைத்தும் இருந்த அறையில் அந்தப் பெட்டி வெடித்தது. இருவரும் காயத்தோடு பிழைத்தார்கள். வெடித்ததில் அந்தப் பெண்ணும் காயப்பட்டார், சிறைக்குப் போனார். பத்திரிகைகளுக்கு அவர் கொள்கை பெரிதாகப் படவில்லை, வெட்டிய கூந்தல்தான் பெரிதாகப் பட்டது. குட்டை முடி வைத்த சீனப் பெண் என்றாலே போலீஸ் திரும்பிப் பார்க்கும் நிலை வந்தது. பாரிஸ் ஓவியர்களின் தாடிக்காரன் கோலாலம்பூரில் இப்படி ஒரு பெண்ணாக மறுபிறவி எடுத்தான்.

அந்தக் குண்டு மலாயாவில் அனார்க்கிசத்தையே அதிகமாகக் காயப்படுத்தியது. ஆசிரியர்கள் கட்டிய நல்ல பெயர் ஒரே காலையில் கரைந்தது. போலீஸ் கெடுபிடி இறுகியது. இளைஞர்கள் கட்டுக்கோப்பான கம்யூனிஸ்டுகள் பக்கம் சாய்ந்தார்கள். 1930-இல் மலாயா கம்யூனிஸ்ட் கட்சி பிறந்தபோது கருப்புக் கொடி பிடிக்க ஆளில்லை. ரப்பர் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளியைக் கண்காணிக்க வேறு இலாகா, சீனச் சுரங்கத் தொழிலாளிக்கு வேறு இலாகா என்று ஆட்சி பிரித்து வைத்திருந்ததால், இருவரும் ஒரே மேடையில் நின்று பேசும் வாய்ப்பும் அமையவில்லை. தமிழர் பக்கத்தில் இந்தக் கொள்கையைத் தூக்கிச் சுமந்தவர் மலாயாவில் இல்லை. அவர் பெர்லினில் ஒரு வாடகை அறையில் இருந்தார்.

மண்டயம் பார்த்தசாரதி திருமலாச்சாரியா, சுருக்கமாக எம்.பி.டி. ஆச்சார்யா, 1887-இல் சென்னையில் பிறந்தவர். பாரதியார் ஆசிரியராக இருந்த 'இந்தியா' ஏட்டோடு இருந்தவர். லண்டன், அமெரிக்கா, 1920-இல் தாஷ்கண்ட் என்று சுற்றி, அங்கே இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவராகி, பிறகு மாஸ்கோவின் மேலாண்மை பொறுக்காமல் பெர்லினுக்கு வந்து அனார்க்கிஸ்ட் ஆனார். ஆலைகளைத் தொழிலாளர் சங்கங்களே எடுத்து நடத்த வேண்டும் என்ற கட்சி அவருடையது. காந்தியின் அகிம்சையைப் பற்றி ஐரோப்பிய, அமெரிக்க இதழ்களில் மரியாதையோடு எழுதினார். அவர் இந்தியாவுக்கு அனுப்பிய பிரசுரங்களைப் பிரிட்டிஷார் தடுத்தார்கள். 1954-இல் பம்பாயில் வறுமையில் இறந்தார். தமிழில் இன்னும் அவருக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். அவர் நம்பிய கட்சிக்கு ஒரே ஒருமுறை ஒரு நாடு கைக்கெட்டியது.

1936 ஸ்பெயின். பார்சிலோனாவில் தொழிலாளர் சங்கம் டிராம் வண்டிகளைத் தன் கையில் எடுத்து, சிவப்பும் கருப்புமாக வண்ணமடித்து ஓட்டிக் காட்டியது. மூன்று ஆண்டுகளில் பிராங்கோவின் படை எல்லாவற்றையும் முடித்தது. 1939-இல் லட்சக்கணக்கானோர் மலை தாண்டி பிரான்சுக்குள் புகுந்தார்கள். தோல்வியின் கசப்பு அவர்களை உடைத்தது. நாடு கடந்த ஸ்பானியர்களிடையே பிளவு, 1950-களில் பிரெஞ்சுக்காரர்களிடையே பிளவு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நீளமான பெயர், அதற்கொரு சுருக்கெழுத்து. இரவில் சுவரில் எழுதப் போனால் ஆளுக்கொரு கையெழுத்து. பார்ப்பவருக்கு இவர்கள் ஒரே கூட்டத்தார் என்றே தெரியாது. இந்தக் குழப்பத்துக்கு நடுவில் வளர்ந்த ஒரு பையனுக்கு ஒரு யோசனை வந்தது.

டோமாஸ் இபான்யெஸ் ஸ்பெயினில் 1944-இல் பிறந்து, சின்ன வயதிலேயே பிரான்சுக்கு வந்துவிட்டவர். 1964-இல் பாரிசில் 'சுதந்திர இளைஞர்' என்ற சிறு அனார்க்கிஸ்ட் குழுவில் இருந்தார். சுவரெழுத்துக்காரனின் கஷ்டம் அந்த வயதுக்காரர்களுக்குத்தான் தெரியும். வாழ்க, ஒழிக என்று வாசகம் எழுதி, கீழே குழுவின் பெயரையும் எழுதி முடிப்பதற்குள் தெருமுனையில் போலீஸ் வண்டி திரும்பிவிடும். பாதி வாசகம் சுவரில், பாதி வாளியில். பிரிட்டனில் அணு ஆயுத எதிர்ப்பாளர்களுக்கு 1958-இல் ஜெரால்டு ஹோல்டம் வரைந்து கொடுத்த சமாதானக் குறி எவ்வளவு வேகமாகப் பரவியிருந்தது என்பதும் அவர்கள் கண்ணெதிரே இருந்தது. அப்படி ஒன்று நமக்கு ஏன் இல்லை?

அந்த ஏப்ரல் மாதம், குழுவின் செய்தி மடலில் ஒரு யோசனை அச்சானது. தேவைகள் இரண்டே இரண்டு. ஒன்று, கண் இமைக்கும் நேரத்தில் எழுதி முடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். இரண்டு, எந்த ஒரு குழுவுக்கும் சொந்தமாக இருக்கக் கூடாது. ஆலைக்காரரும் காட்டுக்காரரும், சங்கத்தாரும் தனித்து நிற்பவரும், புத்தகக்காரரும் தெருக்காரரும் மனம் கோணாமல் தங்களுடைய எழுத்துக்குக் கீழே போட்டுக்கொள்ள வேண்டும். ரெனே டாராஸ் என்ற தோழர் வரைந்து பார்த்தார். குண்டு இல்லை, முஷ்டி இல்லை, சுத்தியல் இல்லை, ஏர் இல்லை. மூன்று கோடு. அதைச் சுற்றி ஒரு வட்டம்.

வட்டத்துக்குள் ஏ.

கோலாலம்பூரில் ரயில் பாதையோரச் சுவர்களிலும் பாலத்தூண்களிலும் கறுப்பு ஸ்பிரேயில் தெரிவது, இளைஞர்களின் சட்டையிலும் பையிலும் துணித்துண்டாகத் தைத்திருப்பது, மேசையில் பேனாவால் கிறுக்கிவைத்திருப்பது எல்லாம் அதுதான். உலகில் இவ்வளவு பேர் வரைந்த அரசியல் குறிகள் வெகு சில. வட்டம் என்பது ஒழுங்கைக் குறிக்கும் ஓ எழுத்து, அரசின்மையே ஒழுங்கு என்ற புரூதோனின் கருத்து அதில் இருக்கிறது என்று சொல்வார்கள். அழகான அந்த விளக்கம் பின்னாளில் வந்து சேர்ந்தது. பிறக்கும்போது அதன் தேவை வேகமும் பொதுமையும் மட்டுமே. ஆனால் 1964-இல் அதை ஒருவரும் சீந்தவில்லை.

எல்லோருக்கும் பொதுவான குறி என்று இளைஞர்கள் நீட்டியதை, குழுக்கள் தங்கள் சொந்தக் குறிகளை விட்டுவிட்டு வாங்கிக்கொள்ளத் தயாராக இல்லை. குறி செய்தி மடலிலேயே செத்திருக்க வேண்டியது. பாரிஸ் இளைஞர்களோடு நட்பாக இருந்த மிலான் நகரத்து இளைஞர் குழு 1966-இல் அதைத் தங்கள் துண்டறிக்கைகளில் போட ஆரம்பித்தது. அங்கே உயிர் பிடித்தது. 1968-இன் மாணவர் எழுச்சியில் மிலான் சுவர்களில் ஏறியது. மூன்று கோடு சரியாகத்தான் வேலை செய்தது. அப்போதுதான் பழைய விதி மீண்டும் வந்தது.

1969 டிசம்பர் 12 அன்று மிலானில் பியாஸ்ஸா ஃபோந்தானாவில் ஒரு வங்கிக்குள் குண்டு வெடித்து 17 பேர் இறந்தார்கள். போலீஸ் ஒரு கணமும் யோசிக்காமல் அனார்க்கிஸ்டுகளைப் பிடித்தது. மூன்றாம் நாள் இரவு, விசாரணைக்கு அழைத்துப்போன ரயில்வே தொழிலாளி ஜுசெப்பே பினெல்லி காவல் நிலையத்தின் நான்காம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். எப்படி விழுந்தார் என்று இத்தாலி பல ஆண்டு கேட்டது. நாடகாசிரியர் தாரியோ ஃபோ அதை நாடகமாக்கினார். கடைசியில் 2005-இல் இத்தாலிய உச்ச நீதிமன்றம், குண்டுவைத்த பொறுப்பை நவபாசிஸ்டுகள்மேல் வைத்தது. 1881-இன் தீர்மானம், 88 ஆண்டு கழித்து, குற்றமில்லாத ஒருவர் மேல் வந்து விழுந்தது. பினெல்லிக்காகத் தெருவில் இறங்கிய இளைஞர்கள் அந்த வட்டக் குறியையும் தூக்கினார்கள். 1970-களின் தொடக்கத்தில் அது இத்தாலியைத் தாண்டியது. உலகம் முழுக்கக் கொண்டுபோனதோ அரசியல் கூட்டமே அல்ல, இசைக்காரர்கள்.

1976 நவம்பரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் இசைக்குழுவினர் தங்கள் முதல் இசைத்தட்டில் 'அனார்க்கி' என்று கத்தினார்கள். அது வியாபாரத்துக்கு நல்ல வெடி. அதை நெஞ்சில் வாங்கியவர்கள் கிராஸ் என்ற குழுவினர். இங்கிலாந்தில் எஸ்செக்ஸ் வட்டாரத்துப் பழைய பண்ணை வீடு ஒன்றில் கூட்டாக வாழ்ந்தார்கள். வீட்டில் காய்கறித் தோட்டம், மேடையில் மின் கிதார். தட்டுகளைத் தாங்களே வெளியிட்டு மலிவு விலையில் விற்றார்கள். மேடைத் திரையிலும் தட்டு உறையிலும் வட்டத்துக்குள் ஏ. கேசட்டில் பிரதி எடுத்து, தபாலில் அனுப்பி, கடல் கடந்த இளைஞர்கள் அதைக் கேட்டார்கள். மலேசியாவில் அந்த அலை திரெங்கானுவிலும் பிறகு கோலாலம்பூரிலும் ஒதுங்கியது. 1991-இல் கோலாலம்பூரில் கார்பரேட்டர் டங் என்ற பங்க் குழு உருவானது. 1925-இல் அணைந்துபோன ஒன்று, தாத்தாக்களின் கதை தெரியாத பேரப்பிள்ளைகளால் கிதார் வழியாகத் திரும்பி வந்தது. பழைய சண்டையும் கூடவே வந்தது.

அமெரிக்காவில் கார் தொழிற்சாலைகளின் நகரமான டெட்ராய்ட்டிலிருந்து ஃபிரெடி பெர்ல்மன் 1983-இல் நாகரிகத்தின் மேலேயே குற்றப்பத்திரிகை வாசித்தார். ஜான் செர்சான் ஒரு படி மேலே போய், உழவு தொடங்கியதே தவறு என்றார். சங்கவழி அனார்க்கிஸ்டுகள் பொங்கினார்கள்: இயந்திரத்தை நிறுத்தினால் பல நூறு கோடிப் பேருக்குச் சோறு எங்கிருந்து வரும்? 1995-இல் மர்ரே புக்சின், இது சமூக மாற்றமே அல்ல, வாழ்க்கைப் பாணி என்று ஒரு நூலே எழுதினார். அதே 1995 செப்டம்பரில் 'வாஷிங்டன் போஸ்ட்' ஓர் அறிக்கையை வெளியிட்டது. பதினேழு ஆண்டுகளாகத் தபாலில் குண்டு அனுப்பி மூன்று பேரைக் கொன்ற ஒருவர், தொழிற்சமூகம் ஒழிய வேண்டும் என்று எழுதியது. மறு ஆண்டு பிடிபட்ட முன்னாள் கணிதப் பேராசிரியர் கசின்ஸ்கி, அனார்க்கிஸ்ட் என்ற பெயரையும் எடுத்துப் போட்டுக்கொண்டார். அவரை முழுதாக ஒதுக்குவதா, எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்வதா என்று அந்த முகாம் கிழிந்தது. கிழிந்த இரு பக்கத்தின் துண்டறிக்கைகளிலும் கீழே அதே குறி.

இந்த வாக்குவாதத்தில் எனக்கு நடுநிலை கிடையாது. காட்டை வெட்டி ரப்பர் நட்டவர்களும், ரப்பரை வெட்டி அடுக்குமாடி எழுப்பியபோது தோட்டத்து லயத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களும் ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகள். கிள்ளான் வட்டாரத்தில் அப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். அவர்களுக்குக் காடும் சொந்தமாக இருக்கவில்லை, ஆலையும் சொந்தமாக இருக்கவில்லை. இயந்திரம் வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, அதை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்ட குரோபோட்கினும் ஆச்சார்யாவும்தான் அந்தக் குடும்பங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள்.

கோலாலம்பூரில் சண்டை வேறு உருவத்தில் நடந்தது. ஒரு தரப்பு நகர மையத்தில் சைவ உணவு சமைத்து வீடற்றவர்களுக்குப் பரிமாறியது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிறந்த 'ஃபூட் நாட் பாம்ப்ஸ்' இயக்கத்தின் உள்ளூர்க் கிளை அது. குண்டுக்குப் பதில் சோறு என்பதே அதன் பெயர், கேரட்டைப் பிடித்த முஷ்டி அதன் சின்னம். இன்னொரு தரப்புக்குத் தெருப் போராட்டம் முக்கியம். 2014 மே தினத்தில் ஜிஎஸ்டி என்ற பொருள், சேவை வரிக்கு எதிரான பேரணியில் கருப்பு உடையும் மூடிய முகமுமாகச் சிலர் வந்தார்கள். சுவர்களில் வண்ணம் ஏறியது. மறுநாள் செய்திகளில் வரியைவிட அவர்களைப் பற்றிய பேச்சு பெரிதாக இருந்தது. 

மறு ஆண்டு அந்தப் பேச்சுக்கு விலை கொடுத்தவர்கள் பாட்டுக் கேட்க வந்தவர்கள். அம்பாங்கில் 'ரூமா அப்பி' என்ற பங்க் கூடம் இருந்தது. நிகழ்ச்சிகளைத் தாங்களே நடத்திக்கொண்ட இளைஞர்களின் இடம். 2015 ஆகஸ்ட் 28 இரவு, தூய்மையான தேர்தல் கேட்ட பெர்சே 4 பேரணி தொடங்குவதற்கு முந்தின நாள், அங்கே இசை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது போலீஸ் புகுந்தது. பேரணியில் கலகம் செய்யத் திட்டம் என்பது சந்தேகம். வெளிநாட்டவர் உட்பட சுமார் 160 பேரைக் கொண்டுபோய் அடைத்து, பிறகு விடுவித்தார்கள். 1925-க்குப் பின் தொண்ணூறு ஆண்டுகள் ஓடியும், குட்டை முடியைத் தேடிய கண் இப்போது வட்டக் குறியைத் தேடியது.

மூன்று கோடு ஒரு வட்டத்தால் அந்தக் கெட்ட பெயரைத் துடைக்க முடியவில்லை. ஆலையா காடா என்ற வழக்கும் முடியவில்லை. கோலாலம்பூரில் அந்தப் பெயரைக் கொஞ்சமாவது கழுவியது தெருவோரத்தில் பரிமாறிய சோறுதான் என்பது என் முடிவு. டோமாஸ் இபான்யெஸ் பின்னாளில் ஸ்பெயினுக்குத் திரும்பி, பார்சிலோனா தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில் சமூக உளவியல் பேராசிரியராகப் பணியாற்றினார். 1964-இல் அவர் குழு கேட்டபடியே, அந்தக் குறிக்கு இன்றுவரை உரிமையாளர் கிடையாது.